பட்டியலில் இருந்த பெயர்

சேலம்
8.9.2024

அன்புள்ள பர்வீன்,

நலமா? எனக்கு ஏழாம் மாதம். கால் வீக்கம்தான் படுத்துகிறது, மற்றபடி சுகம்.

அச்சகத்தில் என் நாற்காலி உனக்கே கிடைத்ததில் சந்தோஷம். கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையைப் பார்த்துப் பயப்படாதே. எழுத்துப்பிழை பார்க்க நான் எழுதி ஒட்டியிருக்கும் கட்டளையையும் கோப்பின் பெயரையும் தட்டி என்டர் கொடு. தனக்குத் தெரியாத சொற்களை மட்டும் காட்டும். தப்பென்றால் திருத்து. ஆள்பெயர், ஊர்ப்பெயர் என்றால் நம் பட்டியலில் சேர்த்துவிடு, அப்புறம் காட்டாது. அதில் நான் முதன்முதலில் சேர்த்தது என் அண்ணன் சுந்தரபாண்டியின் பெயர், அவன் கல்யாணப் பத்திரிகைக்காக.

வீட்டை மீறி நான் கட்டிக்கொண்டு வந்து இரண்டு வருடம். கூப்பிட்டால் அண்ணன் போனை வைத்துவிடுகிறான். அவன் பட்டாசுக் கம்பெனிக்கு லேபிள் வாங்க அங்கே வருவானே, பிள்ளை பிறக்குமுன் நாரணாபுரம் வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டு எழுதேன்.

உன் அக்கா,
பிரீத்திகா

சிவகாசி
19.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சீசன் லோடு கழுத்தை நெரிக்கிறது. சாப்பாட்டு டப்பா திறக்காமலே வீட்டுக்குப் போகிறது. அண்ணன் இன்னும் வரவில்லை. வந்ததும் கேட்டு அன்றைக்கே எழுதுகிறேன், கவலைப்படாதீர்கள்.

பர்வீன்

சிவகாசி
6.10.2024

அக்கா,

உங்கள் வீட்டுக்காரர் விஷயத்தைச் சொல்லியிருப்பார். நான் சொல்ல வேண்டியது வேறு.

திங்கட்கிழமை அண்ணன் வந்தார். கேட்டேன். லேபிள் கட்டுகளை இரண்டு தடவை எண்ணினார். பிறகு, "அவள அலைய வேண்டாம்னு எழுதும்மா. தீவாளிக்கு முன்ன நானே போயி கூட்டியாறேன்" என்றார்.

அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். இந்த லோடு போகட்டும் என்று தள்ளிப்போட்டேன். வியாழக்கிழமை அவர் வேலை பார்த்த கம்பெனியில் வெடிமருந்து அறை வெடித்துவிட்டது.

கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என் மேசைக்குத்தான் வந்தது. மூன்று பெயர்கள். பெத்தணன், ராக்காயி இரண்டையும் திரை காட்டியது, பட்டியலில் சேர்த்தேன். அண்ணன் பெயரைக் காட்டவில்லை. இன்னொரு தடவை ஓட்டினேன், பிறகும் ஓட்டினேன். எதற்கென்று எனக்கே தெரியவில்லை. திரை வெறுமையாகவே இருந்தது. பிழை இல்லை, அடிக்கலாம் என்று நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

உங்கள் முகத்தில் இனி எப்படி விழிப்பேன்? என்னை மன்னிக்க வேண்டாம் அக்கா. அவர் உங்களைக் கூட்டிவரக் கிளம்பியிருப்பார் என்பதை மட்டும் நம்புங்கள். அது என் ஒருத்திக்குத்தான் தெரியும்.

பர்வீன்