பக்கத்து வீட்டுச் சாவுக்கு வந்த ஜெர்மன்காரர்

1994 அக்டோபர் 4, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். முழங்கால் வலி. பக்கத்து வீட்டு வால்டர் நேற்றுப் போய்விட்டார். நெஞ்சுவலியாம். என் வீட்டுக்காரர் போய் நாலு மாசம். அதற்குள் மகனோடு இருக்க அமெரிக்கா வந்த இடத்திலும் ஒரு சாவு வீடு.
சோறும் ரசமும் எடுத்துக்கொண்டு போனேன். வால்டர் மனைவி மார்த்தா அடுப்பில் காபி வைத்துக்கொண்டிருந்தாள். சாவு வீட்டில் அடுப்பு எரிகிறது. என்னத்தைச் சொல்ல. கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்தேன்.

அக்டோபர் 6, வியாழன்
ஜெர்மனியிலிருந்து வால்டரின் சிநேகிதர் ஹைன்ஸ் வந்துவிட்டார். எழுபது வயது. மருமகள் சுமதி கேட்டு வந்து சொன்னது: இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் கைதியாகப் பிடித்துக் கப்பலில் கொண்டுவந்து, இந்த டெக்சாஸில் அடைத்து வைத்தார்களாம். வால்டர் அப்பாவின் நெல் வயலுக்கு அறுப்பு வேலை. கைதிக்கு வயலிலேயே ரொட்டி. வால்டரின் அம்மா மட்டும் வீட்டுக்குள் கூப்பிட்டு மேஜையில் உட்கார வைத்துச் சாப்பாடு போட்டாளாம். ஊர் போய்ச் சேர்ந்த பிறகும் சிநேகிதம் விடவில்லை. ஒரு வருஷம் வால்டர் போவார், ஒரு வருஷம் அவர் வருவார்.
சவப்பெட்டி தூக்க ஹைன்ஸ் இருக்கவேண்டும் என்று வால்டர் சொல்லி வைத்திருந்தார். வால்டரின் தங்கை ரூத் விடமாட்டேன் என்கிறாள். அவர்களுடைய மூத்த அண்ணன் அந்தச் சண்டையில் செத்தவன்.
"ஒரு அண்ணனக் கொன்னதும் ஜெர்மன்காரன், இன்னொரு அண்ணனத் தூக்குறதும் ஜெர்மன்காரனான்னு கேக்குறாங்க அத்தை."
"அந்த மனுசன் என்ன சொன்னாரு?"
"சரின்னுட்டாரு."
மகன் செந்தில் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனான். அவன் ஃப்ளைட் பிடித்து ஊர் வருவதற்குள் அவன் அப்பாவை எடுத்துவிட்டார்கள்.

அக்டோபர் 7, வெள்ளி
மழை விட்டது. மல்லி, சீரகம் தீர்ந்துவிட்டது. செந்திலிடம் சொல்லவேண்டும்.
"நாளைக்குக் கல்லறைக்கு நீங்களும் வரணுமாம் அத்தை. மார்த்தா ஆன்ட்டி கேட்டாங்க."
"நானெதுக்குங் கண்ணு? பொம்பளைங்க அங்கெல்லாம் போறதில்ல."
"இங்க எல்லாரும் போவாங்க."
என் வீட்டுக்காரரை எடுத்தபோது என்னைத் தெருமுனையோடு நிறுத்திவிட்டார்கள். அதற்கு அப்புறம் நடந்ததெல்லாம் பிறர் சொல்லித்தான் தெரியும்.

அக்டோபர் 8, சனி
போனேன். ஆறு பேர் தூக்கினார்கள். ஹைன்ஸ் பின்னால் நடந்தார், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல். ஜெபம் முடிந்ததும் எல்லாரும் காருக்குக் கிளம்பினார்கள். குழி திறந்தபடியே கிடந்தது.
"யாரு மூடுவாங்க?"
"ஆள் இருக்காங்க அத்தை. மெஷின்ல மூடிருவாங்க."
ஹைன்ஸ் மட்டும் போகவில்லை. கோட்டைக் கழற்றி ஈரப் புல்லில் வைத்தார். அங்கிருந்த ஆளிடம் மண்வாரி கேட்டு வாங்கினார். அள்ளிப் போட ஆரம்பித்தார். மூச்சு வாங்குகிறது. நிறுத்தவில்லை. யாரும் தடுக்கவில்லை.
என்னால் சும்மா நிற்க முடியவில்லை. போய் மூன்று பிடி மண் போட்டேன்.
ரூத் காரிலிருந்து இறங்கி வேகமாக வந்தாள். சண்டைதான் என்று நினைத்தேன். அவள் குனிந்து கோட்டை எடுத்தாள். ஒட்டியிருந்த புல்லைத் தட்டினாள். கையில் போட்டுக்கொண்டு அங்கேயே நின்றாள்.
"அத்தை, போலாமா?"
"இரு கண்ணு. அவரு முடிக்கட்டும்."