அம்மாவின் இடது கால்

நொச்சிக்குப்பம்,
சென்னை-4.

அன்பு மகள் ஷீலாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் சுகமாக இருக்க மாதாவிடம் தினமும் கேட்டுக்கொள்கிறேன், ஆனால் நாங்களும் சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை கண்ணு. போனில் சொன்னால் ஒரே அறையில் படுத்திருக்கும் உன் அம்மாவின் காதில் விழும், அதனால்தான் மஸ்கட் திரும்பும் பக்கத்து வீட்டு ஜஹீதா அக்கா கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அம்மா காலில் சின்னப் புண், ஆறிவருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தோமே, அது ஆறவில்லை. சர்க்கரை ஏறி விரல்கள் கறுத்துப்போய், போன மாதம் ஆஸ்பத்திரியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உன்னிடம் மூச்சுவிடக் கூடாது என்று அவள் சத்தியம் வாங்கியிருந்தாள், இனிமேலும் என்னால் மறைக்க முடியவில்லை.

அந்தக் காலை ஊன்றித்தான் அவள் நீளம் தாண்டுவாள். தன்னைப் பற்றி அவள் உன்னிடம் அதிகம் சொன்னதில்லை. கரையில் காயும் வலைகளைத் தாண்டிக்கொண்டு திரிந்தவளை, பள்ளிக்கூட விளையாட்டு டீச்சர்தான் மைதானத்துக்கு அழைத்துப்போனார். உன் தாத்தா தேசப்பன், "பொட்டப்புள்ள டவுசர் மாட்டிக்கினு ஓடுறது இன்னா பொழப்பு" என்று சோறு கொடுக்காமல் வெளியே நிறுத்தினார். பட்டினியோடு போய்த் தாண்டினாள். ஆணி வைத்த ஷூ போட்டவர்களுக்கு நடுவே வெறுங்காலோடு தாண்டி, தேசியப் போட்டியில் முதலாவதாக வந்தாள். நம் குப்பத்திலிருந்து இந்தியாவுக்காக நீளம் தாண்டப் போன முதல் பெண் உன் அம்மா காவேரிதான். வெளிநாட்டில் ஒரு விரல் அகலத்தில் பதக்கம் போயிற்று, அடுத்த வருஷமே இடது முட்டியில் ஜவ்வு கிழிந்தது, அதன் பிறகு யாரும் கூப்பிடவில்லை. அப்படியும் புண் வரும்வரை காலையில் கடற்கரை மணலில் நம் குப்பத்துப் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் அவள் டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டு, "நைனா, வலது கால எடுத்துக்க, அது நல்லாத்தான் கீது. இத்த மட்டும் வுட்டுடு" என்றாள். சின்ன வயசுக்காரர் அவர், என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வந்ததிலிருந்து அவளிடம் பேச்சே இல்லை. அவளிடம் தாண்டப் பழகும் பிள்ளைகள் பார்க்க வந்தபோது போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டாள். நேற்று விடியலில் பழைய பழக்கத்தில், இல்லாத காலை ஊன்றி எழப்போய் விழுந்துவிட்டாள். தூக்கப் போனால், "வுடுய்யா, கெடக்குறேன். எங்க போவப்போறேன்" என்றாள். இத்தனை நாளில் அவள் வாய் திறந்தது அவ்வளவுதான். எனக்கும் தெம்பில்லை, அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மாதாவிடம் என்ன கேட்பதென்றுகூட இப்போது எனக்குத் தெரியவில்லை.

லீவு கிடைத்தால் வா, கிடைக்காவிட்டால் முதலாளியிடம் சண்டை போட்டு வேலையைக் கெடுத்துக்கொள்ளாதே. நீயும் ரத்தம் சோதித்துப் பார்த்துக்கொள், உனக்கும் அவள் உடம்புதான். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். உங்கள் மூவரையும் ஆண்டவர் ஒரு குறையுமில்லாமல் வைத்திருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை போன் போடு, மறந்துவிடாதே. காலைப் பற்றிக் கேட்காதே, அழாதே. போனை அவள் காதில் வைக்கிறேன், பாப்பாவைப் பேச விடு. அவள் பதில் சொல்லமாட்டாள். நீயாகப் போனை வைத்துவிடாதே கண்ணு.

உன் அப்பா,
ஏசுராஜ்