பூஜையன்று அணைத்த பெட்டி

9 அக்டோபர் 2024
பேத்தி ஜ்யோத்ஸ்னா இன்றும் சாப்பிடாமல் லேபுக்கு ஓடினாள். சோடியத்தில் பேட்டரி செய்கிறாளாம். வெண்ணெய் மாதிரி கத்தியில் வெட்ட வருமாம் அந்த உலோகம். ஆனால் சார்ஜ் ஏற ஏற ஊசி ஊசியாய் முளைத்து உள்ளேயே குத்திக் கெடுத்துவிடுமாம். முளைக்காமலிருக்க மேலே ஒரு பூச்சு கண்டுபிடித்திருக்கிறாள். டாக்டர் பட்டமே அதை நம்பித்தான்.

கைடு சுந்தரேஷ். அந்த ஜலஜாவின் புருஷன். 1991-ல் லக்ஷ்மிபாய் நகர் கொலுவில் எனக்கு மட்டும் அழுகல் தேங்காய் வைத்துக் கொடுத்தாளே, அவளேதான். த்தூ.

13 அக்டோபர்
பாவம் ஜ்யோத்ஸ்னா. பூசின துண்டுகளை ஈரக்காற்று படாமல் கரண்டில் ஓடும் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தாள். சரஸ்வதி பூஜையன்று இவள் இங்கே புஸ்தகம் அடுக்கிக்கொண்டிருந்தபோது, அந்த மனுஷன் சுந்தரேஷ் லேபுக்குப் போய் எல்லா மெஷினுக்கும் சந்தனம், குங்குமம் வைத்து, ஆயுதத்துக்கெல்லாம் இன்று ஓய்வு என்று மெயினையே அணைத்துவிட்டு வந்திருக்கிறார். பெட்டியும் நின்று, ஈரம் புகுந்து, அத்தனையும் வெள்ளை பூத்துப் போச்சு. படிச்சவரா இவர்? சீ!

16 அக்டோபர்
டாக்டர் பட்டக் கமிட்டியிடம், "பொண்ணு பெட்டியைச் சரியா மூடலை" என்றாராம். இவள் வாயே திறக்கவில்லை. ஏண்டி?
"கையெழுத்து அவர்தானே போடணும், பாட்டி."

20 அக்டோபர்
ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் அப்பளம் வாங்கப் போன இடத்தில் ஜலஜா. "சௌக்கியமா மாமி?" என்று இளித்தாள். கடைக்காரன் எதிரிலேயே கேட்டேன்— "பூஜையன்னிக்கு உங்காத்து ஃப்ரிட்ஜை அணைச்சேளா?"
"ஃப்ரிட்ஜையா? பால் திரிஞ்சு போயிடாதா?"
"அந்த புத்தி உங்காத்துக்காரருக்கு லேபிலே எங்கே போச்சு?"
மூஞ்சி சுண்டிப் போச்சு.

வீட்டில் சொன்னால் இவள் கத்துகிறாள். "யே க்யா கியா, பாட்டி! என்ன பண்ணிட்டே! போச்சு, எல்லாம் போச்சு!" கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக, "நிஜமாவே பால் திரிஞ்சிடும்னா சொன்னா?" சிரிப்பை அடக்கத் தெரியவில்லை அவளுக்கு.

6 நவம்பர்
இன்று கமிட்டியில் எழுந்து நின்றாளாம். "சார், மெயினை யார் அணைச்சா?"
"பூஜைக்குத்தானேம்மா அணைச்சேன்!"
அவர் வாயாலேயே! இவளுக்கு வேறு கைடு, இன்னும் ஒரு வருஷம் கொடுத்திருக்கிறார்கள். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை அந்த மனுஷன்.

1 அக்டோபர் 2025
சரஸ்வதி பூஜை. ஜ்யோத்ஸ்னா விடிந்ததும் லேபுக்குப் போய், ஸ்விட்ச் போர்டு பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். புதுத் துண்டுகள் ஊசி முளைக்காமல் ஓடுகின்றனவாம்.

ஜலஜா சுண்டல் கொடுத்தனுப்பியிருந்தாள். மோந்து பார்த்தேன். தேங்காய் நல்ல தேங்காய்தான்.

புறாவுக்குப் போட்டேன்.