சபையில் சொன்ன சாட்சி

ஜூலை 14, ஞாயிறு

பிள்ளை வயிற்றிலேயே இறந்து ஒரு மாதம் ஆகிறது. இன்று ஆராதனையில் என் வீட்டுக்காரர் சாட்சி சொல்ல எழுந்தார். "எனக்க மனைவி ஒரு சொட்டுக் கண்ணீர் விடல்ல, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றார். சபையே அல்லேலூயா சொன்னது. எனக்குப் பற்றி எரிந்தது. அழ விட்டால்தானே அழுவதற்கு? கண் கலங்கினாலே "ஜெபம் பண்ணு" என்று வாயை அடைத்தவர் இவர்தான்.

வீட்டுக்கு வந்ததும் குளிமுறிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர்ச் சத்தத்துக்குள் விம்மல் கேட்டது. கதவில் ஓங்கி அடித்தேன்.

"குழாய அடச்சிட்டு வாருங்க. எனக்க முன்னால அழுங்க!"

திறந்தார். "பிள்ளைக்கு ஒரு பேரு நெனச்சு வச்சிருந்தேன்" என்றார்.

அதையும் என்னிடம் சொல்லவில்லை, பாவி மனுஷன். ஈரத் தரையிலேயே உட்கார்ந்து இரண்டு பேரும் அழுதோம்.

அடுத்த ஞாயிறு நான் எழுந்து இதைச் சாட்சியாகச் சொல்வேன். அதற்கும் அல்லேலூயா சொல்லட்டும், பார்க்கிறேன்.