மச்சினன் போட்ட அஞ்சு ஸ்டார்

அடுப்பின்மேல் சாப்பாடு மூடியிருக்கிறது, சூடாக்கிச் சாப்பிடு. உன் தம்பி வந்தால் அவனுக்கும் போடு. பையனுடைய பாஸ்போர்ட்டைத் தேட வேண்டாம், என்னிடம் இருக்கிறது.

வெளிநாட்டில் பயிற்சி வேலையாம், அதற்கு நாமே பணம் கட்ட வேண்டுமாம்! நான் வேண்டாம் என்றதற்கு, "மாமா விசாரிச்சுட்டாருப்பா, எல்லாரும் அஞ்சு ஸ்டார் போட்டிருக்காங்க" என்றானே உன் பிள்ளை, அந்த 'மாமா' இன்னும் நெஞ்சில் எரிகிறது.

இன்று அந்த நிறுவனத்தைப் பற்றி இணையத்தில் போட்டிருக்கும் விமர்சனங்கள் எல்லாவற்றையும் நானே படித்தேன். "அங்கே பயிற்சி எடுத்தேன், வாழ்க்கையே மாறிடுச்சு" என்று தன் படத்தோடு எழுதியிருப்பது உன் தம்பி! விமான நிலையத்துக்கு யாரையும் வழியனுப்பக்கூடப் போகாதவன். போனில் கேட்டால், "எழுதினா மருமகனுக்குக் கட்டணத்துல தள்ளுபடின்னாங்க, அத்தான்" என்கிறான். பாசத்தில் செய்தானாம். குடும்பத்துக்கே தலைகுனிவு.

பி.கு.: இதைப் பையனிடம் நீ சொல்லிவிடாதே. ஒரு விஷயத்தையாவது அவன் என்னிடமிருந்து தெரிந்துகொள்ளட்டும்.