நீல மாத்திரை தீருவதற்குள்

1-11-83, செவ்வாய்

விடாத மழை. துணி எதுவும் காயவில்லை. மகள் கல்பனாவின் பள்ளிச் சட்டையை அடுப்படிக் கொடியில் போட்டாயிற்று. புகை வாசம் வரும். வரட்டும்.

ஈப்போவிலிருந்து அக்காவின் கடிதம். பார்சல் வர வேண்டிய நேரத்தில் வெறும் கடிதம். மாத்திரைப் பார்சல் சுங்கத்தில் நின்று அவளிடமே திரும்பிப் போய்விட்டதாம். டாக்டர் சீட்டு வைக்காமல் விட மாட்டார்களாம். "மறுபடி அனுப்பினால் எப்போது வருமோ தெரியாது. அங்கேயே கிடைக்குமா பார்."

டப்பாவைக் கொட்டிப் பார்த்தேன். தினம் சாயங்காலம் ஒரு நீலம், ஒரு பழுப்பு. தீபாவளி தாண்டும். கார்த்திகை பிறக்கும் வரை காணாது.

நெஞ்சுக்குள் உலோக வால்வு. அதில் ரத்தம் உறையாமல் இருக்கத்தான் இந்த மாத்திரை. கோலாலம்பூரில் ஆபரேசன் முடித்து அனுப்பும்போது டாக்டர் சொன்னது: ஆயுசுக்கும் விடக் கூடாது. விட்டால் வால்வு அடைக்கும், அல்லது உறைந்த ரத்தக்கட்டி மூளைக்குப் போகும். அங்கே அரசு ஆஸ்பத்திரியில் சும்மா கொடுத்தார்கள். போடிக்குக் குடிவந்த பிறகு அக்காதான் கடையில் விலைக்கு வாங்கி, தபால் செலவும் செய்து அனுப்புகிறாள். அவளுக்கும் மூன்று பிள்ளைகள். எவ்வளவுதான் கேட்பது.

அவர் மலையில். ஏலக்காய் எடுப்பு. தீபாவளிக்குத்தான் இறங்குவார். அத்தையிடம் சொல்லவில்லை. சொன்னால் மட்டும் என்ன.

2-11, புதன்

மழை இல்லை. வெயிலும் இல்லை.

பஜாரில் மூன்று மருந்துக்கடை. முதல் கடையில் காலி டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தப் பேரே கேள்விப்பட்டதில்லம்மா." இரண்டாவதில் தீபாவளி லேகியம் வாங்கக் கூட்டம். நான் கேட்டது யார் காதிலும் விழவில்லை, டப்பாவையும் பார்க்கவில்லை.

மூன்றாவது கடைக்காரர் பொறுமைசாலி. எதற்கு மருந்து என்று கேட்டார். ரத்தம் உறையாமல் நீர்த்தே இருக்க என்றேன்.

"ரத்தம் நீர்க்கவா? எல்லாரும் ரத்தம் ஊற மருந்து கேப்பாக. நீங்க என்னம்மா தலகீழாக் கேக்குறீக?"

சிரித்தேன். வெளியே வந்ததும் அழுகை வந்தது. துணிக்கடை வாசல், அத்தனை சனம். குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். மழையே இல்லை.

டாக்டரைப் பார்த்தேன். இளைஞர். ஸ்டெதாஸ்கோப் தேவைப்படவில்லை, பக்கத்தில் உட்கார்ந்ததுமே வால்வின் டிக் டிக் கேட்டுவிட்டது அவருக்கு. "எங்கிட்ட இதுக்கு மருந்து இல்லம்மா. மதுரை பெரிய ஆஸ்பத்திரி, இருதயப் பிரிவு. திங்கக்கிழமை போயிருங்க. ஒரு நாள்கூட மாத்திரைய விட்றாதீங்க." சீட்டு எழுதித் தந்தார்.

வாங்க வேண்டியது: பாசிப்பருப்பு, நல்லெண்ணெய், கல்பனாவுக்கு ரிப்பன். எண்ணெயை மறந்துவிட்டேன்.

4-11, வெள்ளி. தீபாவளி

விடியலில் எண்ணெய்க் குளியல். (எண்ணெய் பக்கத்து வீட்டில் கடன்.) கல்பனா மத்தாப்பைப் பிடிக்கவே பயந்தாள், பிறகு விடவே இல்லை. அவர் நேற்றே இறங்கிவிட்டார், உடம்பெல்லாம் ஏலக்காய் வாசம்.

காலை பலகாரம் முடிந்ததும் அவரிடம் சொன்னேன். டப்பாவை வாங்கிப் பார்த்தார். முகம் சுண்டிப் போனது. "ஏன் ஆளுகிட்ட சொல்லி விடல? ஜீப்பு தெனம் மேல வருதில்ல?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டார். அத்தை அடுப்படியிலிருந்து கையில் கரண்டியோடு வந்தார்.

"என்னப்பா? என்ன டப்பா அது?"

"இவ மாத்திரை தீரப் போகுதும்மா."

"தீந்தாத் தீரட்டும். நல்லதுதான்."

அவர்தான் கேட்டார், "என்னம்மா பேசுற? நெஞ்சுக்குத் திங்கிற மாத்திரை. நிறுத்துனா உசுருக்கு ஆபத்து."

அத்தை என்னைப் பார்த்தார். டப்பாவைப் பார்த்தார். கரண்டியிலிருந்து எண்ணெய் தரையில் சொட்டியது.

"நெஞ்சுக்கா? ஆபரேசன் பண்ணியாச்சு, எல்லாம் சரியாப் போச்சுன்னுல்ல நெனச்சேன். தெனம் பொழுதுசாய ஒளிச்சு ஒளிச்சு முழுங்குதேன்னு... பிள்ளை நிக்காம இருக்கத் திங்கிறான்னு நெனச்சுட்டேன் ஆத்தா."

போடிக்கு வந்து ஒன்றரை வருடம். நான் மாத்திரை போடும் நேரம் பார்த்து அத்தை பாத்திரத்தை டங்கென்று வைப்பது, கோயிலில் பேரன் கேட்டு வேண்டிக்கொண்டு என் பக்கம் திரும்பாமல் நடப்பது, எல்லாம் இதற்குத்தானா. நான் அதை வெளிநாட்டு மருமகளைப் பிடிக்காத கோபம் என்றல்லவா நினைத்திருந்தேன். நானும் ஒளித்துத்தான் விழுங்கினேன். சீக்காளி என்ற பேர் வர வேண்டாம் என்று.

இன்னொன்றையும் அவர் சொல்லிவிட்டார், நல்லவேளை என் வாயால் சொல்லவில்லை. இனிமேல் பிள்ளை கூடாது என்று கோலாலம்பூர் டாக்டர் சொல்லியிருக்கிறார்.

அத்தை உள்ளே போனார். எண்ணெய் காய்ந்து புகைந்த வாசம். முறுக்கு கருகிவிட்டது. மத்தியானம் எனக்குச் சோறு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். இதுவரை அப்படி உட்கார்ந்ததில்லை.

6-11, ஞாயிறு

மலைப்பாதையில் மண் சரிவு என்று பேச்சு. பறித்த காய் ஸ்டோரில் குவிந்து கிடக்கிறது, உலர்த்தாவிட்டால் அழுகிவிடும். அவர் ஏறித்தான் ஆக வேண்டும். மதுரைக்கு நானும் வருகிறேன் என்று ஒரே பிடிவாதம்.

அத்தை: "நீ காயப் பாரு. இவள நான் கூட்டிட்டுப் போறேன்."

அவர் போகும்போது நாலு தடவை திரும்பிப் பார்த்தார். போன் கிடையாது மேலே. அங்கே தனியாக என்னென்ன நினைப்பாரோ.

7-11, திங்கள்

முதல் பஸ். கல்பனா பக்கத்து வீட்டில். ஆண்டிபட்டி கணவாய் தாண்டும்போது அத்தைக்குத் தலைசுற்றல், எலுமிச்சம்பழம் மோந்துகொண்டே வந்தார்.

ஆஸ்பத்திரி வரிசை, சீட்டு எழுதும் இடம்.

"ஊரு?"

பழக்கத்தில் ஈப்போ என்றுவிட்டேன்.

"அது எந்த ஜில்லா?"

அத்தை முந்திக்கொண்டார். "போடின்னு எழுதுங்கய்யா. எங்க வீட்டுப் பிள்ளை."

அதே வார்த்தைகள். இங்கே அப்படியே எழுதி வைக்கிறேன்.

வராந்தாவில் எனக்கு முன்னால் ஒரு பெண். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை, பெயர் சரசு, பேச்சில் பாதி மலையாளம். என்னையே பார்த்தாள். பிறகு என் பக்கம் சாய்ந்து, "சேச்சிக்கும் வால்வா? ஒச்ச கேக்குதே" என்றாள். அவளுக்கும் அதே சத்தம். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மாறி மாறிக் கேட்டோம். கிறுக்கச்சிகள் மாதிரி சிரிப்பு. அத்தையும் காதைக் கொடுத்தார். "அடியாத்தி, கடியாரம்ல ஓடுது!"

என் நீல மாத்திரையைக் காட்டினேன். அவள் இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து ஒரு வெள்ளை அட்டையை எடுத்தாள். "இது தன்னே. நான் ரெண்டு வருசமாத் திங்கிறேன். ஆஸ்பத்திரியில எப்பவும் இருக்காது. எதுத்தாப்புல மூணாவது கடையில எப்பவும் உண்டு. வெல கொறவுதான்."

நம்ப முடியவில்லை. கூலிக்குக் கொழுந்து பறிப்பவள் வாங்கித் தின்கிறாள். நான் கடல் தாண்டிக் கையேந்திக்கொண்டிருக்கிறேன்.

உள்ளே டாக்டர் அம்மா. என் டப்பாவைப் படித்தார், சரசு சொன்னதையே சொன்னார். இரண்டும் ஒரே மருந்து, கம்பெனிதான் வேறு. இங்கே ஒரு மாத்திரையின் அளவு கூடுதல். அதனால் ஒரு நாள் முழுசு, மறுநாள் பாதி. அடுத்த திங்கள் ரத்தம் பார்க்க வேண்டும், அது முக்கியம். அத்தை குறுக்கே கேட்டார்: "முருங்கைக்கீரை குடுக்கலாமா? நெதம் அவிச்சுக் குடுக்கணும்னு இருக்கேன்."

"திடீர்னு நிறையக் குடுக்காதீங்க. கீரை மருந்தை மடக்கிரும். சாப்பிட்டா வாராவாரம் ஒரே அளவு."

"அப்ப அளந்தே போடுறேன்."

எதிர்க் கடையில் கேட்டதும் எடுத்து வைத்தான். ஒரு மாதத்துக்கு ஆகும் விலை, அக்கா பார்சலுக்கு ஒட்டும் தபால்தலைக்குக்கூடக் காணாது. இரண்டு மாதத்துக்கு வாங்கினேன். கடை வாசலில் ஒரு நன்னாரி சர்பத், அத்தைக்கும் எனக்கும்.

திரும்பும் பஸ்சில் அத்தை என் தோளில் தூங்கிவிட்டார். பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி நான்.

8-11, செவ்வாய்

பாதி மாத்திரை. கத்தியில் வெட்டினால் பொடியாகிறது. அத்தை பாக்குவெட்டியைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார். ஒரே அமுக்கு. சரிபாதி. "கொண்டா, மத்ததையும் நறுக்கி வைக்கிறேன். சோலி முடிஞ்சிரும்." அட்டையைப் பிரித்தால் ஈரம் இழுக்கும் என்று தடுத்தேன்.

அடுப்படியில் எல்லார் முன்னாலும் விழுங்கினேன். தண்ணீர் கொடுத்தது அத்தை.

12-11, சனி

மறுபடி மழை. இன்று பயம். இடது தொடையில் நீலமாய் ஒரு கன்றல், உள்ளங்கை அகலம். பஸ் படியில் இடித்ததா? ஞாபகமில்லை. பல் துலக்கும்போது லேசாகச் சிவப்பு, அல்லது என் கண்ணுக்கு மட்டுமா. மருந்து அதிகமாகிவிட்டதோ. ஒரே மருந்து என்றார்களே, உண்மைதானா. பழைய நீல மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அதற்கே திரும்பிவிடலாமா என்று. அதுவோ தீரப் போகிறது.

அத்தையிடம் காட்டினேன். தொட்டுப் பார்த்தார். "திங்கக்கிழமை டாக்டரம்மாட்ட காட்டுவோம். அதுவரைக்கும் அவுக சொன்னபடியே தின்னு. நீயாக் கூட்டாத, கொறைக்காத." பிறகு சாமி படத்தின் முன் போய் நின்றார். இந்தத் தடவை யாருக்காக என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

14-11, திங்கள்

மதுரை. ரத்தம் எடுத்தார்கள், மத்தியானம் வரை காத்திருப்பு. சரசு இல்லை. கண்கள் தேடின.

டாக்டர் அம்மா சீட்டைப் பார்த்தார். கன்றலைப் பார்த்தார். எங்கோ இடித்திருக்கிறது, இதற்குப் பயப்பட வேண்டாம் என்றார். "அளவு கச்சிதமா இருக்கு. இதையே சாப்பிடுங்க. மாசம் ஒரு தடவை வந்தாப் போதும்."

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். அத்தை பூ வாங்கி என் தலையில் வைத்துவிட்டார்.

அவரைப் பார்க்க மலைக்கு ஏறலாமா என்று டாக்டரிடம் கேட்டிருந்தேன். மெதுவாய்ப் போங்கள் என்றார். பஸ் ஸ்டாண்டிலேயே அக்காவுக்கு ஏர்லெட்டர்: இனி மாத்திரை வேண்டாம், பிள்ளைகளுக்குச் செலவு செய். நாலு வரிதான் வந்தது. மீதி இடம் காலியாகவே போட்டுவிட்டேன்.

15-11, செவ்வாய்

வெயில். சரிவை ஒதுக்கிவிட்டார்களாம், ஜீப் போகிறது. அத்தை தோசையும் மிளகாய்ப்பொடியும் கட்டிக்கொடுத்து, டிரைவரிடம், "அண்ணே, பள்ளத்துல போடாம உருட்டு. வெரசாப் போக வேணாம்" என்று இரண்டு தடவை.

எடுப்பாட்கள் நெருக்கி உட்கார்ந்து முன்சீட்டை எனக்கு விட்டார்கள். வளைவுக்கு வளைவு குளிர் ஏறியது. போடிமெட்டில் அவர் நின்றுகொண்டிருந்தார், நேற்றும் வந்து பார்த்துவிட்டுத் திரும்பினாராம். ஜீப் நிற்கும் முன்பே கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன சொன்னாக?"

"அளவு கச்சிதமா இருக்காம். அதே மாத்திரை போதுமாம்."

ரோட்டோரம் கிடந்த ஏலக்காய் மூட்டைமேல் உட்கார்ந்தார். "பசிக்குது" என்றார்.

பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தேன். அத்தனை தோசையையும் அவரே சாப்பிட்டார்.