புளி போட்டுக் கழுவிய உப்புக்கல்

என் செல்லக் கலாவுக்கு,

கோபத்தில் இருக்கும் உன் வீட்டுக்காரன் எழுதுவது.

உலகத்தில் ஆராய்ச்சி செய்ய உனக்கு வேறு எதுவுமே கிடைக்கவில்லையா? இரும்பு, பாறை, கண்ணாடி என்று எத்தனை இருக்கிறது. ஈரக்காற்றில் கதவே உப்பிப்போகிற ஜெகதாப்பட்டினத்தில் வாழ்க்கைப்பட்டவள், தண்ணீர் பட்டால் கரைகிற உப்புக்கல்லைப் போய் வளர்த்திருக்கிறாய். அதையும் என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாய். ஐஸ் கம்பெனித் தொட்டியில் மூட்டை மூட்டையாக உப்பைக் கொட்டுகிறவனுக்கு இது தேவையா?

மத்தியானம் சாப்பிட வந்தவனை நீ போர்வைக்குள் இழுத்துக்கொண்டு போனது ஞாபகம் இருக்கிறதா? "வெறும் உப்பு ஒளி விடாதுங்க. இதுல யூரோப்பியம்னு ஒரு அருமண்ணு, துளியூண்டு சேத்து ஒலையில உருக்கி வளத்திருக்கேன். இப்பப் பாருங்க" என்று ஊதா டார்ச்சை அடித்தாய். கல் முழுக்க நீலமாக எழுந்தது. வேர்த்துக் கொட்டுகிறது, விடு என்றேன். நீ விடவில்லை.

கல்லூரியிலிருந்து உன் சாமான்கள் வந்த நாளாக அந்தக் கல்லுக்கு நான்தான் காவல். டப்பாவில் நீ போட்டு வைத்த ஈரம் உறிஞ்சும் மணிகள் நீலத்திலிருந்து சிவந்து வந்தால், அதற்கென்று வைத்திருக்கும் பழைய வாணலியில் போட்டு மறுபடி நீலமாகும்வரை வறுக்க வேண்டும். வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாத மனிதன், இந்த ஒரு வறுவலில் தேர்ந்துவிட்டேன். மழைக்காலத்தில் காலையில் வறுத்தது சாயங்காலமே சிவந்து உட்கார்ந்திருக்கும். இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்ல?

உன்னோடு லேபில் இருந்த ஜெயந்தி விடாமல் போன் செய்தாள். "அண்ணே, கலா வளத்ததுல அது ஒண்ணுதான் தெளிவா வந்த கல்லு. கடக்கரையில வச்சிருந்தா வீணாப் போயிரும். இங்கிட்டுக் குடுத்துருங்க, அவ பாதியில விட்ட வேலைய நான் முடிச்சிர்றேன்." பார்க்கலாம், பார்க்கலாம் என்றே ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டேன். கொடுத்துவிட்டால் உன்னுடையது என்று வீட்டில் வெறும் புடவைகள்தானே மிஞ்சும்?

நேற்று உன் முதல் திவசம். படத்துக்கு முன்னால் படைப்பதற்கு எடுத்து வைத்த சாமான்களோடு அந்தக் கல்லையும் டப்பாவிலிருந்து எடுத்து வைத்துவிட்டு வாழை இலை வாங்கப் போனேன். திரும்பி வந்தால் கல்லைக் காணோம். அரிமளத்திலிருந்து வந்திருந்த என் அக்கா கிணற்றடியில் உட்கார்ந்திருந்தாள்.

"படைக்கிற சாமானக் கழுவாம வைப்பாகளாடா? மங்கலாக் கெடந்துச்சு, குத்துவெளக்கோட சேத்துப் புளி போட்டுத் தேச்சிட்டேன். என்னா கல்லு இது, சோப்புக் கணக்கா வழுக்குது?"

கத்தினேன், கலா. திவச வீடு என்றுகூடப் பார்க்கவில்லை. கட்டைவிரல் அளவு கல் சுண்டுவிரல் நுனியாகக் கிடந்தது. கழுவிய தண்ணீரை வாளியோடு பாத்ரூமுக்குள் தூக்கிப்போய், கதவைச் சாத்திக்கொண்டு டார்ச்சை அடித்தேன். நீலம் இல்லை, ஒன்றும் இல்லை. ஜெயந்திக்குப் போன் போட்டேன்.

"தண்ணியில வராதுண்ணே. உப்பு கல்லா இறுகி அந்த அருமண்ணச் சுத்திப் பிடிச்சிருந்தாத்தான் அந்த நீலம். கரைஞ்சா அம்புட்டுத்தான். மிச்சத்தையாவது தொடச்சுக் காஞ்ச டப்பாவுல வைங்க."

வெளியே வந்தால் அக்கா முந்தானையால் முகத்தை மூடி அழுதுகொண்டிருந்தாள். அவள்மேல் கோபப்படக்கூட நீயும் அவளும் சேர்ந்து என்னை விடமாட்டீர்கள் போல. போர்வையை எடுத்து எங்கள் இருவர் தலையிலும் போட்டு டார்ச்சை அடித்தேன். மிஞ்சிய துண்டு, குறை ஒன்றும் வைக்காமல் நீலமாக நின்றது.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு கல்லைக் கிட்டத்தில் பார்த்தாள். பிறகு கேட்டாள். "இத நம்ம கலாவாடா செஞ்சா?"

"ஆமாக்கா."

"இத ஒரு வருசமா டப்பாவுல போட்டு மூடியா வச்சிருந்த? யாருக்காச்சும் காட்டுனியா?"

ராத்திரியே ஜெயந்திக்குப் போன் போட்டு, நாளைக்குக் கல்லோடு லேபுக்கு வருகிறேன் என்றேன்.

இதைப் புதுக்கோட்டை பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். மடியில் டப்பா. பக்கத்தில் அக்கா, அவளும் லேபைப் பார்த்தே ஆகவேண்டுமாம். ஈரக்காற்று வருகிறது என்று ஷட்டரை இறக்கிவிட்டேன். "இந்த வேக்காட்டுல ஏங்க இப்படிப் பண்றீங்க?" என்று கண்டக்டர் இரண்டு முறை கேட்டுவிட்டார்.

கல்லை ஜெயந்தியிடம் கொடுத்துவிடுவேன். வாணலியையும் எடுத்து வந்திருக்கிறேன். அங்கே உலர்த்துகிற மெஷின் இருந்தாலும் மணிகளை நான்தான் வறுப்பேன் என்று சொல்லப்போகிறேன். லேபில் இருட்டறை இருக்கிறதாம். வருகிறவர் போகிறவர் எல்லாரையும் உள்ளே இழுத்துப்போய் நீ செய்ததைக் காட்டுவேன். வேர்க்கிறது, விடு என்று யாராவது சொல்லிப் பார்க்கட்டும், விடமாட்டேன்.

இன்னமும் உன் வீட்டுக்காரன்தான்,
சுப்பையா